எனக்குப் பதிலாக யாரும் பேச வேண்டாம்

மலபோன்,
1994 மார்ச் 6, ஞாயிறு.

அன்பு மகள் பெலிசாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் உன் தம்பி தாரியோவும் கை கால் திடமாக இருக்கிறோம், மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் அப்படியே இருக்க வேண்டும் என்று கோயிலுக்குப் போகும்போதெல்லாம் உன் பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். ரோமிலிருந்து நீ கொடுத்தனுப்பிய கடிதமும் கம்பளிச் சட்டையும் வந்து சேர்ந்தன. இந்த வேக்காட்டில் கம்பளிச் சட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று யோசித்தாயா, தாரியோ அதைச் சுருட்டித் தலையணையாக்கிவிட்டான். கடிதத்தை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் கோபம்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு நம் ஊர் பொரோங்கானுக்கே போய்விடு, இந்த வயதில் உனக்கு அவர்களுடைய தகாலோக் பேச்சு வராது, அவர்கள் நடுவில் நம்மால் வாழ முடியாது என்று எழுதியிருக்கிறாய். மன்னிப்பா? நான் என்ன செய்தேன் என்று மன்னிப்பு? தாரியோ உனக்குப் பாதிதான் எழுதியிருக்கிறான், அவன் எப்போதுமே பாதிதான் சொல்வான், மீதியை நான் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உன் அப்பா போன பிறகு நான் இங்கே வந்து இரண்டு வருஷமாகிறது. வந்த நாளிலிருந்து சந்தையில் சூமன் விற்கிறேன். ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் வாழையிலையும் எந்த ஊரில் இருந்தால் என்ன, என் கைப்பக்குவத்தில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் வாயைத் திறந்தேனோ இல்லையோ, சிரிப்பார்கள். நாம் சாமார்த் தீவில் வாராய் பேசிப் பழகியவர்கள், நம் பேச்சில் பெரியவருக்கென்று தனியாக மரியாதைச் சொல் ஒட்டுகிற வழக்கம் கிடையாது, இவர்களுக்கோ அது இல்லாவிட்டால் கன்னத்தில் அறைந்த மாதிரி. ஒரு வயதான ஆளிடம் நல்ல எண்ணத்தில்தான், எத்தனை வேணும் உனக்கு என்று கேட்டேன். அவர் சூமனைத் திருப்பி வைத்துவிட்டு, இந்தப் பிசாயாக்காரி யாருக்குடா வேலைக்காரி, வாய் ரொம்ப நீளமா இருக்கே என்று கேட்டுவிட்டுப் போனார், நம் தீவுக்காரர்களை இங்கே அப்படித்தான் இளக்காரமாகச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் அழவில்லை, மறுநாள் மீன் விற்கிற நிங்கிடம் போய், எனக்குப் பேசக் கற்றுக்கொடு என்றேன்.

நிங்குக்கு உன்னைவிட வயது குறைவு, வாய் மட்டும் மூன்று பேருக்கு உண்டு. அவள் கற்றுக்கொடுக்கிற முறையைக் கேள். மீன் வேண்டுமென்றால் நான் சரியாகக் கேட்க வேண்டும். வணக்கம் சொல்ல வேண்டும், எவ்வளவுங்க என்று கேட்க வேண்டும், நாளைக்கு வரேங்க என்று சொல்ல வேண்டும். பிறகு வினைச்சொல்லை மூன்று விதமாகச் சொல்லிக் காட்ட வேண்டும், ஆனது, ஆகிக்கொண்டிருப்பது, ஆகப்போவது. வாங்கினேன், வாங்கிக்கிட்டிருக்கேன், வாங்குவேன். இவர்கள் பேச்சில் புமிலி, புமிபிலி, பிபிலி. தப்பினால் நல்ல மீனை எடுத்துவிட்டுச் செதில் உதிர்ந்த மீனைத் தட்டில் போடுவாள். அக்கா, உன் நாக்கு இன்னிக்கும் சாமாரை விட்டுக் கப்பல் ஏறலையா, ஏறட்டும், அதுவரைக்கும் இந்த நாத்த மீனைத் தின்னு என்பாள். ஒரு வாரம் நாற்ற மீன்தான் தின்றோம். தாரியோவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்புறம்தான் எனக்கு ரோஷம் வந்து, விடியற்காலையில் சூமன் அடுப்பில் கொதிக்கும்போது ஒவ்வொரு சொல்லாக உருப்போட ஆரம்பித்தேன்.

முதலில் பிடித்த சொல் சாப்பிடுவது. குமாயின், குமகாயின், ககாயின். தின்னாச்சு, தின்னுது, தின்னப்போகுது. அடுப்படிக்கும் பக்கத்து வீட்டு பசிலியாவின் படுக்கைக்கும் நடுவில் ஒட்டுப்பலகைதான். அந்தப் பக்கம் அவள் மகள் பெர்லா ஏழு மாத வயிற்றோடு படுத்திருக்கிறாள். இந்தப் பக்கம் ஒரு பிசாயாக்காரி இருட்டில் நெருப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டு, தின்னாச்சு, தின்னுது, தின்னப்போகுது என்று முணுமுணுக்கிறாள். தினமும். நான் யோசிக்கவேயில்லை மகளே. என் காதில் அது பாடமாகத்தான் விழுந்தது.

பெர்லாவுக்கு ஒருநாள் வயிறு வலித்தது. அவ்வளவுதான், நான் அஸ்வாங் பேய் ஆகிவிட்டேன். இருட்டினதும் கூரைமேல் ஏறி நாக்கைக் கயிறு மாதிரி விட்டு வயிற்றுப்பிள்ளையை உறிஞ்சுகிறேனாம். கூரை ஏற முட்டி வேண்டாமா, நான் சாக்கடையைத் தாண்டுவதற்கே தாரியோ கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தெருக்குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் பசிலியா சொன்னாளாம், அவ சாமார்க்காரி, அங்க அதுங்க நிறைய, அவ என்ன சொல்றான்னு என் காதால கேட்டேன் என்று. அதே நாள் நிங்கின் கடைக்கு வந்து, பேயை விரட்ட வாசலில் கட்ட என்று திருக்கைமீன் வால் கேட்டிருக்கிறாள். யாருக்குக்கா இவ்வளவு நீள வால் என்று நிங் கேட்க, உன்கிட்ட பாடம் படிக்க வராளே அவளுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறாள். சூமன் வாங்குகிறவர்கள் நின்றுபோனார்கள். பதினைந்து நாள் கூடை அப்படியே திரும்பி வந்தது. வீட்டுக்காரர் வந்து, பாட்டி, எனக்கு உங்கமேல ஒண்ணும் இல்ல, ஆனா குடியிருக்கிறவங்க பயப்படுறாங்க, அடுத்த மாசக் கடைசிக்குள்ள இதைத் தீர்த்துக்குங்க, இல்லேன்னா வேற இடம் பாருங்க என்று சொல்லிவிட்டார். தாரியோ உனக்கு எழுதியது இதுவரைக்கும்தான்.

வேறு இடம் போனால் என்ன ஆகும்? அஸ்வாங் ஓடிவிட்டது என்பார்கள். போகிற இடத்துக்கும் அந்தப் பேர் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் நானே எங்கள் வட்டாரத்துப் பஞ்சாயத்தான பாரங்காய் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். அங்கே ஒரு சட்டம் உண்டு, உனக்கும் தெரியும், வழக்கறிஞர் கூடாது, பதிலுக்கு ஆளும் கூடாது, அவரவர் வாயால் அவரவர் பேச வேண்டும். எழுதுகிற பெண் என் பேச்சைக் கேட்டுவிட்டு இரக்கப்பட்டு, பரவாயில்லைங்கம்மா, பேச இயலாதவர்னு போட்டுடறேன், அப்ப உங்க பையன் பேசலாம் என்றாள். தாரியோவும் தலையாட்டினான், ஆமாம்மா, நான் பேசிடறேன், நீ சும்மா உட்காரு என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறு பிள்ளை பெற்றவள், இரண்டு புயலில் வீட்டைத் தூக்கி நிறுத்தியவள், நான் பேச இயலாதவளா? அந்தப் பேனாவைக் கீழே வை பெண்ணே, எனக்கு வாய் இருக்கு என்று சொன்னேன். மரியாதைச் சொல்லை விட்டுவிட்டேன், அந்த நேரத்தில் அது எங்கே வருகிறது.

விசாரணை போன செவ்வாய்க்கிழமை. கோயிலுக்குப் போடுகிற கவுனைப் போட்டுக்கொண்டு போனேன். தெருவே வந்திருந்தது, பக்கத்தில் கூடைப்பந்து ஆடியவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள். பாரங்காய்த் தலைவர் முதலில் பசிலியாவைப் பேசச் சொன்னார். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், தின்னாச்சு தின்னுது தின்னப்போகுதுன்னு சொல்றாங்க, என் பேரப்பிள்ளையைத்தான் சொல்றாங்க, சத்தியமாக் கேட்டேங்க என்றாள். பாதிப் பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லட்டுமா பெலிசா, எனக்கும் அப்போது அவள்மேல் கொஞ்சம் பாவமாக இருந்தது, அவள் பொய் சொல்லவில்லை, பயந்திருக்கிறாள். ஆனால் பயந்தவள் என் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம்.

பிறகு என்னை அழைத்தார்கள். எழுந்து நின்றேன், முதல் வாக்கியத்திலேயே எல்லாம் குழம்பிவிட்டது, நான் பேய் இல்ல, நான் படிச்சது, படிக்குது, உங்க பேச்சு படிக்கப்போகுது என்று என்னவோ சொன்னேன். கொல்லென்று சிரித்தார்கள். தாரியோ தலையைக் குனிந்துகொண்டான். நான் நிறுத்தவில்லை. சிரிங்க, நல்லா சிரிங்க, ஆனா நான் முடிச்சுட்டுத்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டு, தினமும் அடுப்படியில் சொல்வதை அப்படியே அங்கே நின்று உரக்கச் சொன்னேன். தின்பதை மூன்று விதமாகச் சொன்னேன், குடிப்பதை மூன்று விதமாக, வாங்குவதை மூன்று விதமாக. சிரிப்பு அடங்கிவிட்டது. தூங்குவதில் வந்து நின்றேன். நதூலோக் என்றேன், நதுதூலோக் என்றேன், மூன்றாவது வரவில்லை. மதூலோக் என்றேன். தப்பு என்று எனக்கே தெரிந்தது, சரியானது நாக்கில் வர மறுத்தது. மறுபடியும் மதூலோக் என்றேன். அப்போது எதிரே உட்கார்ந்திருந்த பசிலியா, கண்ணீர்கூடக் காயவில்லை, பொறுக்க முடியாமல் கத்தினாள், மதுதூலோக்குங்க, மதுதூலோக், எத்தனை தடவை தப்பாவே சொல்லுவீங்க என்று.

கூடத்தில் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் மெதுவாக, ஏன் பசிலியா, அஸ்வாங்குக்கு நீயே பாடம் சொல்லிக் குடுக்கறியா என்று கேட்டார். ஜன்னலில் தொங்கியவர்கள் சிரித்தார்கள், இந்த முறை என்னைப் பார்த்து இல்லை.

எங்கள் இருவரையும் கைகொடுத்துக்கொள்ளச் சொன்னார் தலைவர். நான் கையைக் கொடுக்கவில்லை. இங்க நாலு சுவத்துக்குள்ள வேண்டாங்க, குழாயடியில சொன்னதைக் குழாயடியில திரும்ப எடுத்துக்கட்டும் என்றேன், மரியாதைச் சொல்லை இரண்டு தடவை சேர்த்தே சொன்னேன். மறுநாள் காலை அவள் வந்தாள், குடத்தை வைத்தாள், எல்லாரும் கேட்க, நான் சொன்னது தப்பு, அவங்க படிச்சிட்டிருந்தாங்க என்றாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் சொன்னாள், இருக்கட்டும், சொன்னாளே. நாங்கள் ஒன்றும் தோழிகள் ஆகிவிடவில்லை. திருக்கை வாலும் இன்னும் அவள் வாசலில்தான் தொங்குகிறது, காசு போட்டு வாங்கியதை எறிய மனம் வரவில்லையாம். வீட்டுக்காரர் இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார். கூடை காலியாகத் திரும்புகிறது. நான் இப்போதும் விடியற்காலையில் படிக்கிறேன், ஆனால் முணுமுணுப்பதில்லை, உரக்கச் சொல்கிறேன். பொரோங்கானுக்கு நான் வரமாட்டேன், இனிமேல் அதை எழுதாதே.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, கோபம்தான், ஆனால் உன்மேல் பாதி. உன் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதி அதை அடித்திருந்தாய், வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். வியாழக்கிழமை மதியம் உனக்கு உரிய விடுமுறையை நீ வேலை செய்கிற அந்த வீட்டம்மா மூன்று மாதமாகக் கொடுக்கவில்லை என்றும், அவள் கேட்பதற்கெல்லாம் சரி சரி என்றே சொல்கிறேன், அந்த ஒரு சொல்தான் எனக்குத் தப்பில்லாமல் வருகிறது அம்மா என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு தூங்காதே, கோயிலுக்குப் போ. உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் மாதாவின் காவலும் எப்போதும் உன்னோடு. இது ஒன்றை மறக்காதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே யாரிடமாவது கேட்டு, முடியாது என்பதற்கு அந்த ஊரில் என்ன சொல் என்று கற்றுக்கொள், வருகிற வியாழக்கிழமை அந்த அம்மா முன்னால் நின்று அதைச் சொல், தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, சத்தமாகச் சொல்.

உன் அம்மா,
எபிபானியா