ஒப்பந்தத்தில் இல்லாத விதி

மாஸ்ரர்,

இன்று சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளி அலுமாரியில் வெண்கட்டி தேடியபோது, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதிவைத்த திக்ரின்யா எழுத்துகள் கையில் வந்தன. எரித்திரியாக்காரரின் மொழி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஏழு வடிவம், பக்கத்தில் உங்கள் குண்டு எழுத்தில் தமிழ் உச்சரிப்பு. பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். அலுமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று கொஞ்சம் அழுதேன்.

ஊரில் கணக்குப் படிப்பித்த நீங்கள், இங்கே சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் முதியோர் இல்லமொன்றில் தரை துடைத்தீர்கள். அதைச் சொல்லி நீங்கள் மனம் நொந்ததை நான் கேட்டதில்லை. கூட வேலை செய்த எரித்திரியப் பெண்களிடம் இடைவேளைகளில் அவர்களின் மொழியைக் கற்றீர்கள். முதலில் நலம் விசாரிக்க, பிறகு எழுதவும் வாசிக்கவும். டொச் என்ற ஜெர்மன் மொழியோடு மல்லுக்கட்டவே நேரம் போதாத நாட்டில் இது என்ன விசர் வேலை என்று எங்கள் ஆட்கள் பகிடி பண்ணினார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தப் பெண்களில் ஒருத்தி செலாம். தன் மகன் தன்னோடு டொச்சில் மட்டும்தான் கதைக்கிறான் என்று அவள் அழுததை நீங்கள் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்.

"தாயோட கதைக்க மொழியில்லாத பிள்ளைக்கு வேற என்னத்தைப் படிப்பிச்சு என்ன, தங்கச்சி?"

ஒரு வருடம் பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் ஒன்று கேட்டீர்கள். கெமைண்டே, அதாவது ஊராட்சி அலுவலகம், எங்களுக்குத் தந்த அறையில், எங்கள் வகுப்பு முடிந்த பிறகு, எரித்திரியப் பிள்ளைகள் தங்கள் மொழியை ஒரு மணி நேரம் படிக்கட்டும் என்று. சில பெற்றோரின் முகம் சுருங்கியதைக் கண்டேன். அவர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். செயலாளர் நான்தான், ஒப்பந்தம் என் பையில் இருந்தது. அறையை வேறு ஆட்களுக்குக் கொடுக்க விதி இடம் தராது என்றேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை. என்னோடு அதில் கையெழுத்து வைத்தவர் நீங்கள். அகராதியோடு இருந்து வரிவரியாக எனக்கு வாசித்துக் காட்டியவரும் நீங்கள்தான்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "சரி, விதியெண்டால் என்ன செய்யிறது" என்று மட்டும் சொன்னீர்கள்.

அடுத்த சனியிலிருந்து அவர்கள் உங்கள் வீட்டில் படித்தார்கள். பிள்ளைகள் ஆறு பேர், கதிரை நாலு. எழுத்து நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள், கதையும் பாட்டும் செலாம். ஒருநாளும் என்னோடு முகம் முறித்துக் கதைக்கவில்லை. கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அடுத்த வாரம் கேட்கலாம், அடுத்த வாரம் கேட்கலாம் என்று இரண்டு வருடம் போனது. பிறகு உங்களுக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலருகே இருந்தும், பள்ளி ஆண்டுவிழாவைப் பற்றியே கதைத்துவிட்டு வந்தேன்.

உங்கள் இறுதிச் சடங்கில் செலாம் என்னைத் தேடி வந்தாள். கூட வந்த மகன் அவளிடம் தங்கள் மொழியில் ஏதோ கேட்டான்; அவளும் அதே மொழியில் பதில் சொன்னாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு டொச்சில் பேசினாள். அந்த அறையைத் தங்களுக்கு வாங்கித்தர நான் மிகவும் பாடுபட்டதாக நீங்கள் சொல்லியிருந்தீர்களாம். விதிதான் விடவில்லையாம்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் தலையாட்டினேன், மாஸ்ரர். அவளுடைய நன்றியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.