அட்டைத் துப்பாக்கிக் காட்சி

என் ஒட்டகக் குட்டியே,

இதை முதலில் உங்கள் மேஜர்தான் பிரித்துப் படிப்பார். அவருக்கு என் வணக்கம். ஐயா, இது டிவி தொடரைப் பற்றிய வெறும் அரட்டைதான்.

மகனே, உங்கள் படைப்பிரிவு நடித்துக் கொடுத்த பகுதியைப் போன வாரம் ஒளிபரப்பவில்லை. அதற்குப் பதிலாகக் குதிரைப் பந்தயம் போட்டார்கள். கதையில் எங்கோ ஒரு கிரகத்துச் சர்வாதிகாரி மக்களைச் சுடச் சொல்கிறான், காவலர்கள் மறுக்கிறார்கள். அதில் இங்கே யாருக்கு என்ன வருத்தமோ!

நான் தைத்த வெள்ளி அங்கிகள் இன்னும் ஸ்டுடியோவில்தான் தொங்குகின்றன. முதலில் துப்பாக்கியைக் கீழே வைக்கிறவனாக உன்னைத்தான் போட்டார்கள். கேமராவுக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நான் நிற்பதைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் சிரித்துத் தொலைத்தாய். இயக்குநர் ஸாவ்ரே கோபம் தலைக்கேறிக் கத்தினாள்.

"டேய், பல்லக் காட்டாதடா! உயிர் போற விஷயம் இது!"

"அட்டைத் துப்பாக்கிதானேக்கா, யார் உயிர் போகப்போகுது?" என்றாய் நீ.

மேஜரும் வயிறு குலுங்கச் சிரித்தார். "நெஜத்துல எவனாவது இப்படிச் செஞ்சான், தோல உரிச்சுடுவேன்!"

உங்களை நகரத்துக்கு அனுப்பப்போகிறார்களாமே. இங்கே சதுக்கத்தில் கூட்டம் இன்னும் கலையவில்லை. குளிர் கடுமை. காதை மூடிக்கொள்.

வெள்ளிக்கிழமை எனக்கும் சதுக்கத்தில் கொஞ்சம் வேலை இருக்கிறது. நீ வாங்கித் தந்த மஞ்சள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்பேன். உன் கண்ணில் படாமல் போகாது.

அந்தக் காட்சி உனக்கு மறந்திருக்காது. இந்தத் தடவை மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் அம்மா