மருந்து ரூமில் விழுந்த பேட்ஜ்

புரட்டாசி, செவ்வாய் இரவு

ஆமத்தூர்ல உழவுல கிடைச்ச வெள்ளைக்காரப் பட்டாளத்து பேட்ஜைக் காலையில சட்டைப் பையிலயே வச்சிருந்தேன். கிரீடத்துக்குக் கீழ ஜி, ஆர்னு எழுத்து. நடுவுல இருக்குற ரோமன் எண் அஞ்சா ஆறா? அதே நெனப்புல பட்டாசுக் கம்பெனி மருந்து ரூமுக்குள்ள போய்க் குனிஞ்சேன். பேட்ஜ் நழுவி விழுந்துச்சு. வெடிமருந்து அடைச்சுக்கிட்டிருந்த நாலு பொம்பளைகளும் அப்படியே உறைஞ்சிட்டாக.

அதுல மாரியம்மாதான் மெதுவா எடுத்து நீட்டுச்சு. "ரப்பர் விரிப்புல விழுந்ததால பொழச்சோம்ணே."

வெறுந்தரையா இருந்து இரும்பு உரசி ஒரு பொறி பறந்திருந்தா...

இப்பத்தான் லென்ஸ் வச்சுப் பாத்தேன். ஆறுதான். ஆறாம் ஜார்ஜ். பின்னாடி இருக்குற ஊசி இரும்பு.

நேத்து அந்த மாரியம்மாவைத்தான் சேலையில ஊக்கு குத்தியிருந்ததுக்குக் வாசல் கேட்டுலயே வச்சுத் திட்டுனேன். நாளைக்கும் அவுகளச் சோதிக்க போர்மேன் நான்தான் நிக்கணும்.

என்னைய யாரு சோதிப்பா?