மஞ்சாவின் பின்னங்கால்

இன்று காலை கோதுமை அரைக்க மாவு மில்லுக்குப் போயிருந்தேன், மாமா. எனக்கு முன்னால் நின்றவர் தன் சாக்கை அவிழ்த்துத் தவிட்டைத் தனியே கொட்டிக் கொண்டிருந்தார். லேசாகப் புளித்த, சூடான அந்த வாசனை முகத்தில் அடித்ததும் என் முறை வந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றுவிட்டேன். மில்காரர் மராத்தியில் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் டப்பாவை நீட்டினேன்.

நம் சமையலறை பால்கனியில் ஒரு தவிட்டு டப்பா இருக்குமே, அதன் வாசனை அது. மஞ்சாவுக்குத் தீனியாகும் புழுக்கள் அந்தத் தவிட்டுக்குள்தான் வளர்ந்தன. சாயங்காலம் நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தவிட்டுக்குள் விரல்விட்டு ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பீர்கள். நடுங்கும் விரலில் புழு நிற்காது. விழுந்ததை மறுபடி தேடுவீர்கள். எனக்கு அப்போதெல்லாம் நின்று பார்க்க நேரம் இருந்ததில்லை.

அத்தை போன மறு வருடம் உங்களைக் கோயமுத்தூரிலிருந்து இங்கே கூட்டி வந்தோம். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே ஊர் சுற்றியவரை, கோந்த்வாவில் ஆறாவது மாடியில் உட்கார வைத்தோம். உங்களுக்கு இந்தி தெரியாது. கீழே நடக்கப் போனால் வாட்ச்மேனுக்கு ஒரு கும்பிடு, திரும்பி வரும்போது இன்னொரு கும்பிடு. அதோடு வெளியுலகம் முடிந்தது. கை நடுக்கம் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னபோது, "பேரு நல்லாத்தான் இருக்குது" என்று மட்டும் சொன்னீர்கள்.

உங்கள் பேத்தி யாழினி பிறந்த நாளுக்கு வளர்ப்புப் பல்லி, ஒரு கெக்கோ, கேட்டு அடம்பிடித்து வாங்கினாள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், தடித்த வால், ஒரு சாண் நீளம். "வேணும்னே பல்லியக் கொண்டாந்து ஊட்டுல வெப்பாங்களா?" என்று முகம் சுளித்தவர் நீங்கள். அவள் அதற்கு ஹல்தி என்று இந்தியில் பெயர் வைத்தாள். மஞ்சள் என்று அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நீங்கள் மஞ்சா என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். பகலெல்லாம் தூங்கிப் பொழுது சாயும்போது விழிக்கிற பிராணி அது. அது எழுந்திருக்கும் நேரத்துக்கு நீங்களும் மத்தியானத் தூக்கம் கலைந்து எழுவீர்கள். நம் ஊர்ப் பல்லி போலில்லாமல் அதற்கு இமை உண்டு. அது கண்ணை மூடித் திறப்பதைப் பார்த்து, "எனக்கு வணக்கம் சொல்லுது அம்மணி" என்பீர்கள்.

அதற்குத் தண்ணீர் வைப்பது உங்கள் வேலையாயிற்று. அது இருந்த தொட்டியின் முன்பக்கம் தள்ளித் திறக்கும் கண்ணாடி, இறுகலானது. தள்ள வலு வேண்டும். நீங்கள் அதைத் தொட்டதே இல்லை. மேலே வலைமூடியைத் தூக்கி, ஒரு சின்னக் குவளையால் ஊற்றுவீர்கள். யாழினி பள்ளியிலும் உங்கள் மகன் ஆபீஸிலும் இருக்கும் நேரத்தில் நடப்பது என்பதால் நீங்கள் மேலே ஊற்றுவது அவர்களுக்குத் தெரியாது. வீட்டிலிருந்தே வேலை பார்த்த எனக்கு மட்டும் தெரியும்.

உங்களுக்கு இருந்த இன்னொரு வேலை விடிகாலைக் காப்பி. டிகாஷன் இறக்கி, பால் காய்ச்சி, எனக்கும் ஒரு டம்ளர் மூடி வைத்திருப்பீர்கள். மேடையெல்லாம் சிந்தியிருக்கும். துடைக்கும்போது சலித்துக் கொள்வேனே தவிர, நாளெல்லாம் வேறொருவர் கையால் நான் வாங்கிக் குடித்தது அது ஒன்றுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். மழைக்காலத்தின் தொடக்கம். வேலைக்காரம்மா வரவில்லை. உங்கள் மாத்திரை தீர்ந்திருந்தது. எட்டரைக்கு எனக்கு மீட்டிங். தொட்டிக்குள் விரித்திருந்த காகிதம் ஈரமாகிக் கிடந்ததைப் பார்த்து, கண்ணாடியைத் திறந்து அவசரமாக மாற்றினேன். உள் அறையில் கம்ப்யூட்டர் கூப்பிட்டது. கண்ணாடியை இழுத்தேன். ஏதோ தடுத்தது. அழுத்தித் தள்ளிவிட்டு ஓடினேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அதன் வலது பின்னங்கால் இடுக்கில் மாட்டியிருந்தது. சத்தமே போடாமல் என்னைப் பார்த்துக் கொண்டிருந்தது. கண்ணாடியை நகர்த்தியதும் காலை இழுத்தபடி தன் பொந்துக்குள் போய்விட்டது. ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த மீட்டிங்கில் உட்கார்ந்தேன். நீங்கள் ஹாலில், உங்கள் நாற்காலியில் இருந்தீர்கள்.

சாயங்காலம் யாழினி பார்த்துவிட்டாள். கால் வீங்கி ஊதா நிறமாகியிருந்தது. "பப்பா, இதோட பைர் பாருங்களேன், டூட் கயா" என்று, காலுக்கும் ஒடிந்ததற்கும் தமிழ் வார்த்தைகூட வராமல் அழுதாள். யார் தொட்டியைத் திறந்தது என்று உங்கள் மகன் கேட்டார். "தாத்தாதான் டெய்லி பானி வைக்கறாரு" என்றாள் அவள். குற்றம் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னாள். எல்லோரும் உங்கள் மடியில் நடுங்கிக் கொண்டிருந்த கையைப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

ஒரு நொடிதான். அந்த நொடியில் நான் சொல்லியிருக்கலாம். நான் பருப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இருக்கும் சாமி," என்றீர்கள் மகனிடம். "கைதான் சொன்ன பேச்சுக் கேக்கறதில்லையே."

உங்கள் மகன் கோபித்துக்கொள்ளவில்லை. பயந்துவிட்டார். இன்றைக்குப் பல்லியின் கால், நாளைக்குக் கொதிக்கிற பால் என்று நினைத்தார். மறுநாளிலிருந்து இரவு படுக்கப்போகும் முன் கேஸை அடியில் மூடி, சிலிண்டர் இருக்கும் அலமாரியைப் பூட்டினார். உங்கள் சவரக் கத்தியை எடுத்துக்கொண்டு மெஷின் வாங்கித் தந்தார். லிஃப்டில் தனியாக இறங்கக் கூடாது என்றார். நீங்கள் எல்லாவற்றுக்கும் சரி என்றீர்கள். விடிகாலையில் பழக்கத்தில் எழுந்து, இருட்டுச் சமையலறைக்குள் போய்ச் சற்று நின்றுவிட்டுத் திரும்பி வருவீர்கள். படுக்கையிலிருந்தபடி அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

பாணேரில் இப்படிப்பட்ட பிராணிகளைப் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் கொண்டு போனோம். எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு நொறுங்கியிருந்தது. முயன்று பார்க்கலாம், பாதம் கறுத்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். தினமும் இரண்டு வேளை மருந்துச் சொட்டு, நீர்த்த அயோடினில் கால் நனைத்தல், காகிதம் மாற்றுதல், எடை பார்த்தல். யாழினிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. உங்கள் மகன் இரவு எட்டுக்கு முன் வருவதில்லை. ஆகவே அது என் தலையில் விழுந்தது. உங்கள் மாத்திரை, உங்கள் குளியல், யாழினியின் டிபன், என் வேலை, இவற்றோடு அதுவும். எனக்கு இது நியாயமான தண்டனையாகக்கூடத் தோன்றவில்லை. இன்னொரு வேலையாகத்தான் தோன்றியது.

மத்தியானம் இரண்டு மணிக்கு நீங்களாகவே வந்து உட்காருவீர்கள். பழைய வேட்டியைக் கிழித்த துணியை மடியில் விரித்து, முழங்கையைத் தொடையோடு அழுத்திக்கொண்டு, மஞ்சாவை அதற்குள் சுற்றிப் பிடிப்பீர்கள். உங்கள் கை ஆடும், அதுவும் கூடவே ஆடும், ஆனால் திமிறாது. என் கையில் திமிறிய பிராணி உங்கள் மடியில் அடங்கிக் கிடந்தது. நான் அதன் மூக்கு நுனியில் மருந்தைச் சொட்டுவேன். அது நாக்கை நீட்டி நக்கும்.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, பாதத்தின் ஓரம் கறுத்திருப்பதை அப்படித்தான் பார்த்தேன். சொட்டு மருந்துக் குழாயைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. எழுந்திருக்கத்தான் தெம்பில்லை.

நீங்கள் மஞ்சாவின் தலையைப் பெருவிரலால் தடவிக்கொண்டே சொன்னீர்கள்: "அந்தக் கண்ணாடி எனக்கு நவுராது அம்மணி. நான் மேலதான் ஊத்துவேன்."

நான் மருந்துக் குழாயின் மூடியைத் திருகினேன்.

"உட்டுத்தள்ளு. உனக்குந்தான் முடியல. ஒருத்தரும் பாக்கறதில்ல."

அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். என்னிடமிருந்து ஒரு பதிலும் நீங்கள் கேட்கவில்லை. அதனாலேயே நானும் சொல்லாமல் விட்டேன். அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம் என்று எழுத ஆசைதான். ஆனால் முதலில் வந்தது நிம்மதி. தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவரும் சொல்லப் போவதில்லை என்கிற நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது, வந்தது போகவில்லை.

முழங்காலுக்கு மேல் காலை எடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அது சாப்பிடவில்லை. தடித்திருந்த வால் நாளுக்கு நாள் மெலிந்து குச்சியானது. அந்த வாலில் இருப்பதுதான் அதன் சேமிப்பு, அது தீர்ந்தால் கஷ்டம் என்று டாக்டர் போனில் சொன்னார். இடுக்கியில் புழுவைப் பிடித்து நான் அதன் முகத்தெதிரே நீட்டுவேன். புழு அசையாமல் தொங்கும். மஞ்சா கண்ணை மூடிக்கொள்ளும். ஆறாம் நாள் யாழினி புத்தகத்தை மூடிவிட்டு அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"இங்க குடு பாக்கலாம்," என்று இடுக்கியை வாங்கினீர்கள். வேண்டாம், குத்திவிடும் என்று உங்கள் மகன் எழுந்தார். நான் அவரைத் தடுத்தேன். இந்த வீட்டில் உங்களுக்காக நான் செய்தது அது ஒன்றுதான்.

உங்கள் கை நடுங்கியது. இடுக்கி நடுங்கியது. செத்தது போல் தொங்கிய புழு உயிர் வந்ததுபோல் துள்ளியது. மஞ்சா கண்ணைத் திறந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. மூன்று காலில் ஓரடி எடுத்து வைத்து, தள்ளாடி, சட்டென்று கவ்வியது. யாழினி வாயைப் பொத்திக்கொண்டாள். அசைகிறதைத்தான் அது இரையென்று நம்பும் என்பது எங்களுக்கு அப்புறம்தான் உறைத்தது. நீங்கள் இன்னொரு புழு கேட்டீர்கள். அன்றைக்கு நான்கு தின்றது.

அந்த மாதம் முழுக்க அதற்குச் சோறு போட்டது உங்கள் நடுக்கம்தான். வால் மறுபடி திரண்டது. அப்போதும் கேஸ் அலமாரியைத் திறந்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டியவள் நான்.

மாசி மாதம் சாப்பாடு புரையேறி நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பேச்சு போய்விட்டிருந்தது. ஒரு மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். இப்போது சொல்லிவிடலாம் என்று குனிந்தேன். நீங்கள் தூங்கிக் கொண்டிருந்தீர்கள். எழுந்ததும் சொல்லலாம் என்று நாற்காலியில் சாய்ந்தேன். அசதியில் நானும் தூங்கிவிட்டேன். நர்ஸ் தட்டி எழுப்பியபோது உங்களை ஐ.சி.யு.வுக்குள் மாற்றியிருந்தார்கள்.

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களிடம் உங்கள் மகன் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொன்னார். கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் கை எவ்வளவு மோசமாகிவிட்டது என்பதற்கு அந்தப் பல்லியின் காலைத்தான் உதாரணம் சொன்னார். நான் இலை போட்டுக் கொண்டிருந்தேன்.

ஆவணியில் யாழினி மும்பையிலிருந்து, கல்லூரித் தோழி ஒருத்தியோடு வீட்டுக்கு வந்தாள். மஞ்சாவைப் பார்த்து, ஒரு கால் எங்கே என்று அந்தப் பெண் கேட்டாள். என் தாத்தா செய்தது, பாவம், அவருக்குத் தெரியவே இல்லை என்று யாழினி இந்தியில் சிரித்தபடி சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. தோழி ஊருக்குப் போன பிறகு, சாப்பாட்டு மேசையில் யாழினியையும் உங்கள் மகனையும் உட்கார வைத்துச் சொன்னேன். தாத்தா இல்லை, நான்தான் என்றேன். கண்ணாடி, ஈரக் காகிதம், எட்டரை மணி, எல்லாவற்றையும்.

யாழினிதான் முதலில் கேட்டாள். "தாத்தாக்குத் தெரியுமாம்மா?"

தெரியும் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உங்கள் மகன் வெகுநேரம் சமையலறைப் பக்கமே பார்த்துக் கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அப்பறம் எதுக்கு அப்பாவ அடுப்புப் பக்கம் உடாம வெச்சிருந்தோம்?" என்றார். என்னைக் கேட்டது போலவும் இல்லை. அவர் முன்னைவிட என்னோடு கொஞ்சம் குறைவாகப் பேசுகிறார். வீட்டு வேலையில் கொஞ்சம் அதிகமாகக் கை கொடுக்கிறார். இரண்டுக்கும் நான் காரணம் கேட்பதில்லை.

மஞ்சா நன்றாக இருக்கிறது. இன்னும் பத்து வருடம் இருக்குமாம். ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறது. யாழினி ஹாஸ்டலில் இருப்பதால் அதன் தினசரிக் காரியங்கள் எனக்குத்தான். ஆபீஸ் வேலை முடிந்து தோள்பட்டை இற்றுப்போன நேரத்தில் இடுக்கியோடு அதன் முன் உட்காருகிறேன். என் கை நேராக நிற்கிறது, புழு அசைவதில்லை. நானாக வேண்டுமென்று ஆட்டிக் காட்டுகிறேன். சில நாள் ஏமாந்து கவ்வுகிறது. சில நாள் என்னைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறது.

சொல்ல வேண்டியவர்கள் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. கோயமுத்தூருக்குப் போன் போட்டு உங்கள் தங்கையிடம்கூடச் சொன்னேன். ஒவ்வொருவரிடமும் சொல்லும்போது பாரம் இறங்கும் என்று நினைத்தேன்; தூக்கம் மட்டும்தான் வந்தது. அவர்களிடமெல்லாம் நான்தான் என்று சொன்னேன். உங்களிடம் சொல்ல வேண்டியது வேறு மாதிரி. பருப்புக் கிண்ணத்தோடு நின்ற அன்று நாக்கு நுனிவரை வந்தது, ஆஸ்பத்திரியில் நீங்கள் எழுந்ததும் சொல்ல வைத்திருந்தது, உங்களைத் தவிர வேறு யாரிடமும் அப்படியே சொல்ல முடியாதது. அது இன்னும் என் வாயிலேயேதான் இருக்கிறது:

"நானுங்க மாமா."