நீ படிக்கப் போன சனிக்கிழமைகள்

இன்று காலை கோதுமை மாப் பசை காய்ச்சும் வாசனை பட்டறைக்குள் வந்தது. ஒரு படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, கை முழுக்கக் கிறீஸோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து முன்பள்ளியில் ரிஸ்மியா டீச்சர்தான் காய்ச்சுகிறாள். பிள்ளைகள் கடதாசி மீன் ஒட்டப் போகிறார்களாம். பசை அடிப்பிடித்துவிட்டது, வாசனையிலேயே தெரிந்தது. நீ என்றால் அடிப்பிடிக்க விட்டிருக்கமாட்டாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். அது அடங்குவதற்குள், அத்தனை கவனமாக நீ நின்று கிளறியதெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்குத்தானே என்ற பழைய எரிச்சலும் வந்துவிட்டது. நீ மௌத்தாகி, உன்னை அடக்கி இரண்டு நோன்பு கழிந்துவிட்டது. எரிச்சல் மட்டும் என்னோடேயே இருக்கிறது.

நமக்குப் பிள்ளை இல்லை என்பதைக் கண்டக்குழி ஊரே கதைத்து ஓய்ந்த பிறகுதான் நீ அந்த முன்பள்ளியைத் தொடங்கினாய். காலையில் போவாய், பகல் சோற்றுக்கு வந்துவிடுவாய். அந்த அளவில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. யுத்தம் முடிந்து, ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடத் தொடங்கிய காலத்தில்தான் அந்தப் புது விதி வந்தது. முன்பள்ளி நடத்துகிறவர்கள் டிப்ளோமா படித்திருக்க வேண்டும், செய்முறைப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், முதலுதவிப் பயிற்சியும் மருத்துவச் சான்றிதழும் வேண்டும், ஆசிரியையும் பள்ளியும் பதிவு செய்யப்பட வேண்டும், அந்தப் பதிவையும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும்.

"படிக்காட்டி மூடணுமாம்" என்றாய்.

"மூடட்டுமே. வீட்டோட இரி."

நீ சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "புள்ளைகள் எங்க போற?"

நான் எங்கே போவது என்று நீ கேட்கவில்லை. அதைத்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு புத்தளத்தில், சனிக்கிழமைகளில். சனிக்கிழமை நமக்கென்று இருந்த ஒரே நாள். பட்டறையைப் பூட்டிவிட்டு மத்தியானம் வரைக்கும் உன்னோடு சும்மா இருப்பேன். இப்போது அந்த நாளில் உன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, எஞ்சின் சாமான் கடையில் பொழுதைப் போக்கினேன். பின்னேரம் திரும்பி வரும்போது பின்னால் இருந்தபடி கதைத்துக்கொண்டே வருவாய். படிப்பிக்கிற சேர் இப்படிச் சொன்னார், சேர் அப்படிச் சொன்னார். சோறு போட்டாலும் சேர், தேத்தண்ணி ஊற்றினாலும் சேர். அந்த மனிதருக்கு வயது அறுபதுக்கு மேல், வாயில் பாதிப் பல் இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்த பிறகும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

பிறகு அந்தக் காகம். பட்டறையில் கிடந்த வலை மிதப்பை வெட்டி, கறுப்புத் துணி சுற்றி, செய்முறைப் பரீட்சைக்கென்று கைப்பொம்மை செய்தாய். குசினியில் நின்று, காகத்துக்கு ஒரு குரல் கொடுத்துப் பழகுவாய். கொஞ்சம் கரகரத்து, கொஞ்சம் கொஞ்சி. நான் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். அந்தக் குரலில் நீ என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை. ஒரு வலை மிதப்பின் மேல் பொறாமைப்பட்ட மனிசன் இந்தக் கடற்கரையில் நான் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

அந்த நாட்களில்தான் முன்பள்ளிகளுக்கான காரியாலயத்திலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கையைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாய்.

"எல்லாம் சிங்களத்தில இரிக்கி. எனக்குச் சரியா விளங்குதில்ல. நீங்க வாசிச்சுச் செல்லுங்களேன்."

எனக்குச் சிங்களம் சிலாபத்தில் சாமான் வாங்கி வாங்கி வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். எந்தச் சான்றிதழ் எப்போது கொடுக்க வேண்டும், எத்தனை வகுப்புத் தவறினால் பரீட்சைக்கு விடமாட்டார்கள், பதிவுக்கு யாருடைய கையெழுத்து வேண்டும் என்றெல்லாம் உனக்கு விளக்கினேன். நீ தலையாட்டிக் கேட்டாய். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டி, "தேதியெல்லாம் நீங்களே குறிச்சு வைங்க. நான் மறந்துபோவேன்" என்றாய்.

அதற்குப் பிறகு அந்த வேலை என்னுடையதாகிவிட்டது. சிவப்புப் பேனையால் சுற்றி வைப்பேன். "மருத்துவச் சான்றிதழ் இந்த மாசத்துக்குள்ள" என்று சோற்றுக்கு நடுவில் ஞாபகப்படுத்துவேன். உன்னோடு படித்தவர்களுக்கும் எப்படியோ தெரியவந்து, எலுவன்குளத்திலிருந்து கூட ஒரு டீச்சர் என் நம்பருக்கு அழைப்பு எடுத்து, "நானா, என்ட முதலுதவிப் பயிற்சி எப்ப முடியுது?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்கத் தொடங்கினாள். உன்னைக் கேட்காமல் என்னைக் கேட்கிறார்களே என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

செய்முறைப் பரீட்சை நாளில் உன் பொம்மைப் பை மோட்டார் சைக்கிளிலேயே தொங்கிக்கொண்டிருந்ததை சாமான் கடை வாசலில்தான் கண்டேன். அப்படியே திரும்பி ஓடி வந்தேன். மண்டப ஜன்னலருகே போனபோது நீ முன்னால் நின்றுகொண்டிருந்தாய். பரீட்சைக்கு வந்திருந்த சிங்கள மிஸ் ஒருவர் உன்னிடம் சிங்களத்தில் கேட்டார்: வீட்டில் புதுக் குழந்தை பிறந்துவிட்டது, மூத்த பிள்ளை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு யாரோடும் சேராமல் இருக்கிறான், அவனை எப்படிக் கையாளுவீர்கள்?

தமிழாக்கிச் சொல்ல ஒருத்தர் எழுந்தார். நீ அவரைக் கையால் அமர்த்திவிட்டு, சிங்களத்திலேயே பதில் சொன்னாய். என்னைவிட நன்றாக. எனக்கு இன்றைக்கும் வராத சொற்களெல்லாம் போட்டு.

"ஏசக் கூடாது மிஸ். தன்ட இடம் போயிட்டுதெண்டு அவன் பயப்படுறான். அந்தக் குழந்தையின்ட காரியத்திலேயே அவனுக்கு ஒரு வேலையக் குடுக்கணும். அவன் இல்லாட்டி அந்த வேலை நடக்காதெண்டு அவன் நம்பணும்."

"செய்து பார்த்திருக்கிறீர்களா?"

"ஓம் மிஸ். என்ட வீட்டில அப்படியொரு பெரிய புள்ள இரிக்கி."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தபடி திரும்பினாய். ஜன்னலில் நான், கையில் காகப் பை.

திரும்பி வரும்போது, பாலாவி ஊர் தாண்டும் வரைக்கும் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டே வந்தேன்.

"கோவமா?" என்று கேட்டாய்.

"சிங்களம் எப்ப படிச்ச?"

"சின்ன வயசில சிலாபத்தில மாமி வீட்டில இருந்தேனே. நீங்க ஒருநாளும் கேக்கல்லயே."

"அப்ப கலண்டர்?"

"அது நெசமாவே வேணும். எனக்குத் தேதி நிக்காது."

அது உண்மையா, அதுவும் வைத்தியமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த நாள் காலையில் எழும்பி, பெறுபேறு வரும் தேதியைக் குறித்து வைத்தேன்.

நீ சித்தியடைந்தாய். பதிவுச் சான்றிதழ் முன்பள்ளிச் சுவரில் ஏறியது. அதற்குப் பிறகு நாலைந்து வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு உன் வயிற்றில் அந்த நோவு தொடங்கியது. புத்தளம் ஆஸ்பத்திரி, கொழும்பு ஆஸ்பத்திரி, கடைசியில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீடு.

நீ படுக்கையில் விழுந்ததும் முன்பள்ளி ஆட்டம் கண்டது. பதிவு நிலைக்கத் தகுதியுள்ள ஒரு ஆசிரியையாவது இருக்க வேண்டும். உன் உதவியாளாக இருந்த ரிஸ்மியா அப்போதுதான் டிப்ளோமாவில் சேர்ந்திருந்தாள். மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் விரட்டப்பட்டு வந்த குடும்பம். அவளுடைய உம்மா தன் பிள்ளையைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப ஒத்துக்கொள்ளவில்லை. வகுப்புத் தவறினால் பரீட்சை இல்லை, பரீட்சை இல்லாவிட்டால் பள்ளி இல்லை. நான்தானே இந்த விதியெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறவன்.

"என்ட தம்பியின்ட த்ரீவீலை எடுத்து, அவளையும் உம்மாவையும் நீங்க கூட்டிக்கொண்டு போங்க" என்றாய்.

"இருக்கிற சனிக்கிழமையையும் அவளுக்குக் குடுக்கிறியா?"

"ஓம்."

நான் போனேன். த்ரீவீலை ஓட்டிக்கொண்டு போகும் வழியெல்லாம், பின்னால் இருக்கும் அந்தப் பிள்ளையின் மேல் எனக்கு அப்படியொரு வயிற்றெரிச்சல். அவளுக்கு எத்தனையோ சனிக்கிழமை இருக்கிறது. எனக்கு உன்னோடு இருப்பது கொஞ்சம்.

"என்னா படிச்சாங்க எண்டு வந்து செல்லுங்க" என்று நீ கேட்டதால், வகுப்பு ஜன்னலருகே வாங்கைப் போட்டு உட்கார்ந்து பாடத்தைக் கேட்டேன். வந்து உன் கட்டிலருகே இருந்து ஒப்புவிப்பேன். நான் பிழையாகச் சொல்லும் இடத்தில் நீ திருத்துவாய். சில நேரம் சிரிப்பாய். சிரித்தால் வலிக்கும் என்பதால் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு சிரிப்பாய்.

ஒரு சனிக்கிழமை நான் வந்ததும் ஒப்புவிக்காமல் உன் மருந்துப் போத்தல்களை அடுக்கத் தொடங்கினேன்.

"இண்டைக்கு என்னா?"

"இண்டைக்குச் சேர் வரல்ல."

நீ என் முகத்தையே பார்த்தாய். "மௌத்தப் பத்தின பாடம்தானே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"செல்லுங்க. எனக்கு மறந்துபோச்சு."

சொன்னேன். சின்னப் பிள்ளைகளிடம் தூங்குகிறார் என்று சொல்லக் கூடாது, பயணம் போயிருக்கிறார் என்று சொல்லக் கூடாது. மௌத்து என்று நேராகச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்ல வேண்டும். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். முடிந்ததும், "நீங்கதான் செல்லணும். ரிஸ்மியா அழுதிருவா" என்றாய்.

அடக்கம் முடிந்து, முன்பள்ளி திறந்த அன்று நான் போய்ப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றேன்.

"டீச்சர் மௌத்தாகிட்டாங்க. இனி வரமாட்டாங்க."

"நாளைக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"நாளைக்கும் வரமாட்டாங்க."

"பெருநாளைக்கு?"

"பெருநாளைக்கும் வரமாட்டாங்க."

ஒன்று அழத் தொடங்கியது. பிறகு எல்லாம். என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்கட டீச்சர், எங்கட டீச்சர்" என்று. அவர்களைத் தேற்ற வேண்டியவன் நான். ஆனால் என் மனதில் வந்தது வேறு. உங்களுக்கு அவள் பகல் வரைக்கும்தானே, எனக்கல்லவா முழு நாளும் என்று அந்தச் சின்னதுகளோடு வாய்விடாமல் வழக்காடினேன். உனக்காக அழ நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அதிலும் பங்குக்கு வந்துவிட்டார்கள். ரிஸ்மியா ஓடி வந்து அவர்களை அணைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. நான்தான் பட்டறைக்குப் போய் அழுதேன்.

ரிஸ்மியா சித்தியடைந்தாள், பள்ளியும் தப்பியது. அவளுடைய பதிவு எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று என் கலண்டரில் இருக்கிறது. எலுவன்குள டீச்சர் இப்போதும் எடுப்பாள். அன்று அழுத பிள்ளைகள் எல்லாம் பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். இப்போது இருப்பதுகளில் ஒன்றும் உன்னைக் கண்டதில்லை.

போன கிழமை பள்ளிக் கதவின் கொண்டியைத் திருத்தப் போயிருந்தேன். விளையாட்டுப் போட்டியன்று எடுத்த கூட்டப் படம் அங்கே தொங்குகிறது, பிள்ளைகளுக்கு நடுவில் நீ. ஒரு சின்னப் பிள்ளை பக்கத்தில் வந்து நின்று, உன்மேல் விரலை வைத்துக் கேட்டது: "இது ஆரு மாமா?"

இத்தனை வருடமாக நான் எதிர்பார்த்திருந்ததே இதைத்தான். உன்னைத் தங்களுடையவள் என்று சொல்ல ஒரு பிள்ளையும் இல்லாத அறை. என் பொஞ்சாதி என்று நான் சொன்னால் மறுக்க ஆளில்லை. ஆனால் அந்தப் பிள்ளை உன்னை வேறு யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எனக்குத் தாங்கவில்லை.

"உங்கட டீச்சர்" என்றேன்.

அது ரிஸ்மியாவைத் திரும்பிப் பார்த்தது. பிறகு உன்னைப் பார்த்தது. "எங்களுக்கு ரெண்டு டீச்சரா?"

"ஓம், ரெண்டு."

அந்தப் பிள்ளை ஓடிப்போய் மற்றவர்களிடம் சொல்லிவிட்டது. எல்லாம் வந்து படத்தைச் சுற்றி நின்றுகொண்டு, எங்கட டீச்சர், எங்கட டீச்சர் என்று உன்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. கொண்டியைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். நெஞ்சு அன்றுபோலவே எரிந்தது. அது எரியாமல் போய்விடுமோ என்றுதான் இப்போது எனக்குப் பயம்.