நான் இருமாத காலை

இழுப்பறைச் சாவியில் நீங்கள் கட்டிக் கொடுத்த பச்சை நூல் இன்று அறுந்துவிட்டது. வேறு நூல் கட்டக் கை வராமல் இதை எழுதுகிறேன்.

காக்ஸ் டவுன் முதியோர் இல்லத்தில் நாம் ஒரே அறைக்கு வந்த புதிதில், மாத்திரைகளை யார் தாமே வைத்துக்கொள்ளலாம் என்று சிஸ்டர் ஒரு வாரம் சோதித்தார். தினமும் காலையில் ஒரே கேள்வி: "மாத்திரை போட்டாச்சா?"

கல்லூரியில் வேதியியல் நடத்திய நான், அட்டையின் பின்னால் தேதி எழுதி வைத்திருந்தும், "போட்டேன்னுதான் நினைக்கிறேன், சிஸ்டர்" என்பேன். ரயில்வே கார்டாக இருந்த நீங்கள் கொடியசைப்பதுபோல், "ஆச்சு, ஆச்சு!" என்பீர்கள். மாத்திரை இழுப்பறையின் சாவி உங்களுக்குக் கிடைத்தது. நான் சிஸ்டர் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினேன்.

எவ்வளவு பொறாமைப்பட்டேன்! மறப்பவர் நீங்கள். நினைவு வைத்திருந்தவன் நான். நீங்கள் இரண்டாம் தடவை இழுப்பறையைத் திறந்தால் நான் இருமுவேன்; கையை எடுத்துவிடுவீர்கள். சிஸ்டருக்குத் தெரியாத நம் ஏற்பாடு அது.

ஒருநாள் காலை என் வாயைச் சோதித்தபடியே சிஸ்டர், "அவரைப் பார்த்துக் கத்துக்கோங்க, தாத்தா" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். காபி குடித்துவிட்டு, பிரஷர் மாத்திரையை மறுபடி எடுத்தீர்கள். பார்த்தேன். இருமவில்லை.

கொஞ்ச நேரத்தில் கைகழுவும் தொட்டியருகே சரிந்து விழுந்தீர்கள்.

"ரெண்டு தடவை போட்டுட்டார், சிஸ்டர்!" என்று கத்தினேன். அன்று மட்டும் 'நினைக்கிறேன்' என் வாயில் வரவில்லை.

மறுநாள் தலையில் கட்டோடு உட்கார்ந்து, சாவியில் பச்சை நூலைக் கட்டி சிஸ்டரிடம் நீட்டினீர்கள். "இனிமே புரொபசர்கிட்ட குடுங்கம்மா. தும்மினாக்கூடத் தேதி போட்டுத் தும்முற ஆளு." அவர் வெளியே போனதும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"தொண்டை இப்பத் தேவலையா, புரொபசரே?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் உயிரோடு இருந்தீர்கள். ஒரு முறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க நானும் வாய் திறக்கவில்லை. தொண்டையைப் பற்றி அப்படிக் கேட்டுவிட்டு, சிரித்து, குறட்டை விட்டுத் தூங்க உங்களால் முடிந்ததே, அதன்மேலும் எனக்குப் பொறாமைதான். இன்றும் தீரவில்லை.

சாவி இப்போது என் சட்டைப் பையில். மாத்திரை போட்டு, தேதி குறித்து, இழுப்பறையைப் பூட்டிய பிறகு, உங்கள் கட்டில் பக்கம் திரும்பி ஒரு தடவை இருமுகிறேன்.