நூருக்குக் குவித்த மணல்

செப்டம்பர் 26, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். காலாண்டு விடுமுறை ஆரம்பம். ஜன்னல் திரை துவைத்தாயிற்று, அலமாரி தூசி தட்டியாயிற்று. அதற்குமேல் வேலை இல்லை. விழுப்புரத்துக்கு வரச்சொல்லித் தம்பி எழுதியிருக்கிறான். அங்கே போய் அவன் பெண்டாட்டியின் உம்மென்ற முகத்தைப் பார்க்க வேண்டுமா? வேண்டாம்.

மாலை டூரிங் கொட்டகை. தனியாக. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகு தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. எப்போதும் நூர் கூட வருவாள். கீழே இருக்கும் வீட்டுக்காரம்மாவின் மருமகள். "டீச்சரம்மாகூடன்னா போயிட்டு வா" என்று மாமியார் விட்டுவிடுவார். இப்போது அவள் புருஷன் சலீம் சவுதியிலிருந்து லீவில் வந்திருக்கிறான். வருஷக் கணக்கில் பிரிந்திருந்தவர்கள். நடுவில் போய் "சினிமாவுக்கு வர்றியா" என்று எந்த முகத்தோடு கூப்பிடுவது?

பெண்கள் பக்கம், தரை டிக்கெட். பழக்கதோஷம், உட்கார மணலை இரண்டு மேடாகக் குவித்துவிட்டேன். எனக்குச் சின்னது. நூர் குள்ளம், முன்னால் இருப்பவள் கொண்டை மறைக்கும், அவளுக்கு எப்போதும் உயரமாகக் குவிக்க வேண்டும். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள், காலெல்லாம் வெடிப்பு. "யாருன்னா வர்றாங்களாக்கா?" "வர்றாங்க" என்றேன். கூசாமல் பொய். பாவம், போய்க் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கடைசிவரை மேடு சும்மாவே கிடந்தது.

படம் குப்பை. சண்டை, மழை, மறுபடி சண்டை.

27, செவ்வாய்

லைப்ரரி. வாரப் பத்திரிகையில் தொடர்கதைப் பக்கத்தை எவனோ கிழித்துக்கொண்டு போயிருக்கிறான், கட்டையில போறவன்! அந்தக் கதையை நூருக்கு நான்தான் வாராவாரம் சொல்வேன். இந்த வாரம் அவள் கேட்கவே இல்லை.

கீழே டி.வி.யில் ஒலிம்பிக்ஸ், ஒரே சிரிப்புச் சத்தம். பிரியாணி ஒரு கிண்ணம் மாடிக்கு வந்தது. கொண்டுவந்தது மாமியார். சாப்பிட்டேன். நல்ல ருசி. அழுகை வந்தது, எதற்கு என்று தெரியாமல் இல்லை.

28, புதன்

தூறல். குடை எடுத்துக்கொண்டு உப்பளம் பக்கம் நடந்தேன். மழைக்காலம் வருவதற்குள் உப்புக் குவியல்களுக்குப் பனையோலை போர்த்துகிறார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒருவர், "ஏம்மா, நனையாம வீட்டுக்குப் போங்க" என்றார். இன்று என்னிடம் பேசிய ஒரே ஆள்.

திரும்பும்போது எதிரே ஸ்கூட்டர். சலீம், பின்னால் நூர், புது நைலக்ஸ் புடவை. அவன் ஹாரன் அடித்தான். அவள் கையை ஆட்டினாள். நிற்கவில்லை.

எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், இனி என்ன. அடுத்தவள் புருஷன்மேல் பொறாமைப்படுகிற முப்பத்தெட்டு வயசு டீச்சர். நன்றாக இருக்கிறது லட்சணம்.

29, வியாழன்

பாண்டிக்கு. பெரிய முதலியார்சாவடியில் பஸ் பஞ்சர். எல்லோரும் இறங்கி வேப்பமரத்தடியில் நின்றோம்.

கடற்கரைப் பக்கம் ஒரு ஓவியக் கண்காட்சி, இலவசம். உப்பளப் படம் ஒன்று, முழுக்க நீலம். "நம்ம ஊரு உப்பளம் என்னைக்குடி இவ்ளோ நீலமா இருந்துது?" என்று பக்கத்தில் திரும்பிக் கேட்டேன். பக்கத்தில் காக்கிச் சட்டைக் காவல்காரர். "என்னைக் கேட்டீங்களாம்மா?" மானம் போயிற்று.

வாங்கியது: ஊறுகாய், சிவப்பு மசி, நூருக்கு ஒரு தலைக்கிளிப்.

30, வெள்ளி

மாலை, கீழே டி.வி.யில் சினிமாப் பாட்டு. வழக்கமாக நானும் நூரும் பாயில், சுவரில் சாய்ந்துகொண்டு. இன்று கூடம் நிறைய சொந்தக்காரர்கள். நான் நுழைந்ததும் சலீம் எழுந்தான். "டீச்சருக்கு ஒரு சேர் போடுங்க." தங்கமான பையன். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சல். நாற்காலியில் விருந்தாளி மாதிரி நான். நூர் கீழே, நாத்தனார்களுக்கு நடுவில்.

இரண்டாவது பாட்டின்போது வீட்டுக்காரம்மா சொன்னார்: "கம்பெனில ஃபேமிலி விசா குடுக்கறாங்களாம் டீச்சரம்மா. இன்ஷா அல்லா, இவளும் போயிடுவா. வூடே வெறிச்சுனு ஆயிடும்."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். அதற்குப் பிறகு என்ன பாட்டுப் போட்டார்கள் என்று கேட்டால் தெரியாது.

அக்டோபர் 1, சனி

நூர் மாடிக்கு வந்தாள்! கையெல்லாம் மருதாணி.

"கோவமாக்கா?"

"எனக்கென்ன கோவம்? துணி மடிக்கிறேன், பாத்தா தெரியல?"

"தெரியுது, தெரியுது. ஒரே பாவாடைய நாலு தரம் மடிக்கிறீங்க." சிரித்தாள். "நாளைக்குக் கொட்டாயில கடைசி ஆட்டம். மழைக்கு முன்னால பிரிச்சிடுவாங்களாம். நான் வர்றேன். அவருகிட்ட சொல்லிட்டேன், போயிட்டு வான்னுட்டாரு."

"நெஜமா?"

"அல்லா மேல சத்தியமா."

கிளிப்பைக் கொடுத்தேன். உடனே குத்திக்கொண்டாள். அவள் போன பிறகு பாட்டுப் பாடியபடி அறையைப் பெருக்கினேன். என் குரலுக்கு, யாரும் கேட்காதது நல்லதாயிற்று.

நாளைக்கு: வேர்க்கடலை வறுக்க. பச்சைப் புடவை இஸ்திரி. விசா பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

2, ஞாயிறு

நல்ல வெயில். கடலை வறுத்துப் பொட்டலம் கட்டி வைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் டாக்ஸி. மெட்ராஸில் நூரின் பாஸ்போர்ட் வேலை. நாளைக் காலையே அங்கே இருக்க வேண்டும் என்று ஏஜென்ட் ஆள் அனுப்பிவிட்டானாம். ஓடி இறங்கினேன். அவள் காருக்குள் இருந்தாள். தலையில் என் கிளிப். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் பூரிப்பு. இரண்டும் நிஜம்தான்.

"நீங்க போயி பாத்துட்டு வந்து கதை சொல்லுங்கக்கா!"

"பத்திரமா போயிட்டு வா" என்றேன். கடலையைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

கொட்டகைக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அறையில் இருப்புக் கொள்ளவில்லை. போனேன். இரண்டு மேடு குவித்தேன். பழக்கதோஷம் இல்லை, தெரிந்தேதான் குவித்தேன். ஒன்று சின்னது, ஒன்று உயரம்.

விளக்கு அணைகிற நேரம் அதே உப்பளக்காரி, அதே குழந்தை.

"இன்னைக்கும் யாருன்னா வர்றாங்களாக்கா?"

"யாரும் வரல. உக்காரும்மா."

"அய்ய, இம்மாம் ஒசரமா! யாருக்குக் குவிச்சீங்க?"

அவள் நல்ல நெட்டை. குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தட்டித் தட்டி மேட்டைத் தரையோடு தரையாக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.